ஆம்–இல்லை மாறிகள் இரண்டு: எந்த ஒட்டுறவைப் போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கணக்கெடுப்பில் இரண்டு மாறிகள். இரண்டுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே விடைகள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் பியர்சன் ஒட்டுறவு (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று −1 முதல் 1 வரை சொல்லும் எண்) போட்டால் ஓர் எண் வருகிறது. வழிகாட்டி டெட்ராகோரிக் என்ற வேறொரு ஒட்டுறவைப் போடச் சொல்கிறார். ஸ்டாட்டா என்ற இன்னொரு மென்பொருளில் அதைப் போட்டால் பியர்சனைவிட நன்றாகவே பெரிய எண். நண்பர் ஆர் மொழியில் போட்டுக் கொடுத்த டெட்ராகோரிக், ஸ்டாட்டா தந்ததோடும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது, எதை ஆய்வேட்டில் எழுதுவது?

மூன்று எண்களுமே பிழையில்லாமல் கணக்கிடப்பட்டிருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பியர்சன் எண், உங்கள் அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு விடைகளுக்கும் உள்ள உறவை அளக்கிறது. டெட்ராகோரிக், அந்த விடைகளுக்குப் பின்னால் இருப்பதாக நீங்கள் கருதுகிற, ஆனால் அளக்காத, தொடர்ச்சியான இரண்டு அளவுகளுக்கு உள்ள உறவை மதிப்பிடுகிறது. ஆகவே மென்பொருளைத் திறக்கும் முன்பே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ‘ஆம்’ பிறக்கும்போதே இரண்டில் ஒன்றாகப் பிறந்ததா, அல்லது ஒரு நீண்ட அளவுகோலை எங்கோ ஓரிடத்தில் வெட்டியதால் வந்ததா?

பத்தாம் வகுப்பில் தேர்ச்சியா தோல்வியா என்பது வெட்டு. 100 மதிப்பெண் என்ற அளவுகோலை 35-இல் வெட்டியிருக்கிறோம். 34 வாங்கியவரும் 4 வாங்கியவரும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள். ‘உயர் ரத்த அழுத்தம் உண்டா’ என்பதும் அப்படியே. ‘குடும்ப அட்டை இருக்கிறதா’, ‘மருந்து கொடுக்கப்பட்டதா’ என்பவற்றுக்குப் பின்னால் அப்படி எந்த அளவுகோலும் இல்லை. இந்த வேறுபாடு எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதற்கு 0, 1 மட்டும்தான் தெரியும்.

கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்ட அட்டவணை இது. மொத்தம் 300 பேர். இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ சொன்னவர்கள் 100. முதல் கேள்விக்கு மட்டும் ‘ஆம்’ 50. இரண்டாவதற்கு மட்டும் ‘ஆம்’ 50. இரண்டுக்கும் ‘இல்லை’ 100. இந்த நான்கு அறைகளையும் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று அழைப்போம்.

ஃபை கெழு என்பது, அ×ஈ-இலிருந்து ஆ×இ-ஐக் கழித்து, நான்கு ஓரக் கூட்டுத்தொகைகளின் (ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’ எத்தனை, ‘இல்லை’ எத்தனை என்ற மொத்தங்கள்) பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுப்பது. இங்கே ஓரங்கள் நான்குமே 150. ஆகவே (10000 − 2500) ÷ 22500 = 0.33. இதே தரவை 0, 1 என்று தட்டி எக்ஸெலில் ‘கோரெல்’ போடுங்கள், அதே 0.33 வரும். ஃபை என்று தனியாக ஒன்று கிடையாது. இருமதிப்பு மாறிகளுக்குப் போட்ட பியர்சனுக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவுதான். இயந்திரக் கற்றல் படித்தவர்கள் ‘மேத்யூஸ் ஒட்டுறவுக் கெழு’ என்று சொல்வதும் இதையேதான். புரதக் கட்டமைப்புக் கணிப்புகளை மதிப்பிட மேத்யூஸ் 1975-இல் எடுத்தாண்டதால் அந்தப் பெயர்.

டெட்ராகோரிக் எவ்வளவு? இரண்டு மாறிகளும் சரிபாதியில் வெட்டப்பட்டிருக்கும்போது மட்டும் அதற்கு ஓர் எளிய வழி உண்டு: ஃபையை 90 டிகிரியால் பெருக்கி, வந்த கோணத்தின் சைனை எடுத்தால் போதும். 0.333 × 90 = 30 டிகிரி; அதன் சைன் 0.50. ஒரே அட்டவணை, ஒன்று 0.33, மற்றது 0.50. உங்கள் திரையில் நீங்கள் பார்த்த இடைவெளி இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இன்னொரு பக்கமாகவும் இதைப் பார்க்கலாம். இயல்நிலைப் பரவல் (நடுவில் குவிந்து இருபுறமும் மணி வடிவில் சரியும் பரவல்) உள்ள இரண்டு அளவுகளுக்கு இடையே உண்மையான ஒட்டுறவு 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடைநிலையில் (பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே வரும் இடத்தில்) வெட்டி ‘மேல்’, ‘கீழ்’ என்று மாற்றினால், மேலே சொன்ன அட்டவணைதான் கிடைக்கும், ஃபை 0.33 ஆகக் குறைந்துவிடும். வெட்டியதால் தொலைந்த உறவை மீட்டுத் தர முயல்வதே டெட்ராகோரிக்கின் வேலை. வெட்டே நடக்காத இடத்தில் அது மீட்டுத் தருவதற்கு எதுவும் இல்லை.

இந்தத் தகராறு நூறாண்டுக்கும் மேல் பழையது. அது எந்தத் தரவை வைத்து நடந்தது என்பதைச் சொன்னால் உங்கள் குழப்பம் பாதி தீரும். 1900-இல் கார்ல் பியர்சன் டெட்ராகோரிக் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில், அவரிடம் பயின்று அவருக்கு உதவியாளராகவும் இருந்த உட்னி யூல், பண்புகளின் தொடர்பை அளக்க வேறொரு கெழுவை முன்வைத்தார். நம் கல்லூரிப் புள்ளியியல் பாடத்தில் ‘யூல் கெழு’ என்று படித்திருப்பீர்கள். பெல்ஜியப் புள்ளியியலாளர் கெட்லேயின் நினைவாக அதற்கு ‘கியூ’ என்று பெயர் வைத்தார் யூல். இருவர் கையிலும் இருந்தது அம்மைத் தடுப்பூசித் தரவு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1887–88-இல் பெரியம்மை கடுமையாகப் பரவியது. பதிவான நோயாளிகள் 4703 பேர். தடுப்பூசி போட்டிருந்தவர்கள் 4151. அவர்களில் 3951 பேர் பிழைத்தார்கள், 200 பேர் இறந்தார்கள். போடாதவர்கள் 552, பிழைத்தவர்கள் 278, இறந்தவர்கள் 274. அதாவது போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேர்கூட இறக்கவில்லை. போடாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

இந்த ஓர் அட்டவணையிலிருந்து எத்தனை ‘ஒட்டுறவு’ வருகிறது பாருங்கள். நானே போட்ட கணக்கு, நீங்களும் சரிபார்க்கலாம். ஃபை 0.48. யூலின் கியூ 0.90. யூல் 1912-இல் தந்த இன்னொரு கெழு, ‘ஒய்’, 0.63. டெட்ராகோரிக் 0.77 அளவில். நான்கில் எதுவும் பிழையல்ல. ஆனால் ‘தடுப்பூசிக்கும் உயிர் பிழைப்பதற்கும் ஒட்டுறவு 0.90’ என்று ஒருவரும், ‘0.48’ என்று இன்னொருவரும் எழுதினால், படிப்பவர் இவை இரண்டு ஊர்களின் செய்தி என்றே நினைப்பார்.

பியர்சனின் கட்சி இது. நோயின் கடுமை என்பது தொடர்ச்சியானது. மரணம் அந்தக் கடுமையின் கடைசி முனை. தடுப்பூசி தரும் எதிர்ப்பும் ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும். ஆகவே பின்னால் இருக்கும் அளவுகளின் உறவைத்தான் அளக்க வேண்டும். யூல் இதை ஏற்கவில்லை. பெரியம்மையில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே அளவு இறந்தவர்களே, ஒருவர் கூடுதலாக, ஒருவர் குறைவாக இறப்பதில்லை என்ற பொருளில் 1912-இல் எழுதினார். மறு ஆண்டே பியர்சனும் டேவிட் ஹெரனும் ‘பயோமெட்ரிகா’ இதழில் 150 பக்கங்களுக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருந்த நட்பில் விழுந்த விரிசல்களில் இதுவும் ஒன்று.

என் கருத்தைக் கேட்டால், இந்தத் தரவில் நான் யூல் பக்கம். நோயின் கடுமைக்கு அளவுகோல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா இல்லையா என்று பதிந்த ஒரு பத்தியை இயல்நிலைப் பரவலின் வெட்டு என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைவிட முக்கியம், இந்தத் தரவைச் சொல்ல எந்தக் கெழுவும் தேவையே இல்லை. 4.8 விழுக்காடு, 49.6 விழுக்காடு என்ற இரண்டு எண்களும் கெழுக்கள் நான்கையும்விட நேராகப் பேசுகின்றன.

டெட்ராகோரிக் பொருந்தும் இடங்களும் உண்டு. தேர்வு வினாக்கள் அதில் முதன்மை: ஒரு வினாவுக்குச் சரியா தவறா என்று விடை வந்தாலும், பின்னால் இருப்பது கூடக் குறைய உள்ள ஒரு திறன். உளவியல் வினாத்தாள்களும் இதே வகை. மரபியலில், இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில், நோய்க்கு ஆளாகும் தன்மை தொடர்ச்சியானது, ஒரு வரம்பைத் தாண்டினால் நோய் வெளிப்படுகிறது என்ற கருத்தை டக்ளஸ் ஃபால்கனர் 1965-இல் நிலைநாட்டினார். அந்தக் கருத்தின் இயல்பான கெழு டெட்ராகோரிக்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில், மொத்தம் தெரிந்த பிறகு, சுதந்திரமாக மாறக்கூடிய எண்கள் மூன்று. டெட்ராகோரிக் மாதிரியத்தில் கண்டுபிடிக்க வேண்டியவையும் மூன்று: வெட்டுப்புள்ளிகள் இரண்டு, ஒட்டுறவு ஒன்று. மூன்றுக்கு மூன்று சரியாகப் போய்விடுவதால் மாதிரியம் எந்த அட்டவணைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிடும். அதாவது பின்னால் இருப்பது இயல்நிலைப் பரவலா என்பதை அந்த ஒரே அட்டவணையை வைத்துச் சோதிக்க முடியாது. விடைகள் மூன்று நிலைகளில் இருந்தாலோ, பல வினாக்கள் இருந்தாலோதான் சோதனைக்கு இடம் பிறக்கும். இரண்டே மாறிகளோடு வருகிறவர், இயல்நிலை என்பதைத் துறை அறிவால் நியாயப்படுத்த வேண்டும்.

இனி ஃபையின் குறை. ஓரக் கூட்டுத்தொகைகள் சமமில்லாதபோது ஃபையால் 1-ஐத் தொடவே முடியாது. 100 மாணவர்கள். கடினமான வினாவுக்கு 20 பேர் சரியான விடை எழுதினார்கள். எளிய வினாவுக்கு 90 பேர். கடினமானதை எழுதிய 20 பேரும் எளிதையும் சரியாக எழுதிவிட்டார்கள். இதைவிட ஒழுங்கான உறவு இருக்க முடியாது. ஆனாலும் அறைகள் 20, 0, 70, 10 என்பதால் ஃபை 200 ÷ 1200 = 0.17. இந்த ஓரங்களோடு அது எட்டக்கூடிய உச்சமே அதுதான். இந்தக் கூரையை மறந்துவிட்டு, 0.17 என்றால் ‘வலுவற்ற உறவு’ என்று ஆய்வேடுகளில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். பல வினாக்களின் ஃபைகளை அடுக்கிய அணியின் மேல் காரணிப் பகுப்பாய்வு (வினாக்களுக்குப் பின்னால் உள்ள பொதுவான திறன்களைத் தேடும் முறை) செய்தால் எளிய வினாக்கள் ஒரு காரணியாகவும் கடின வினாக்கள் இன்னொரு காரணியாகவும் பிரிந்து நிற்பதற்கும் இதுவே காரணம். அங்கே தெரிவது வினாக்களின் கடினம் மட்டுமே. புதிய திறன் எதையும் யாரும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஷெஃபீல்டு அட்டவணையில் இந்தக் கூரை 0.92. இறந்தவர்கள் பத்தில் ஒருவர், தடுப்பூசி இல்லாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் அங்கே இடைஞ்சல் அதிகம் இல்லை.

அதே ஷெஃபீல்டு தரவில் இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். தடுப்பூசி போட்டவர்கள் வரிசையை மட்டும் பத்தால் பெருக்குங்கள்: 39510, 2000. மற்ற வரிசை அப்படியே. இறப்பு விகிதங்கள் இரண்டும் மாறவில்லை. தடுப்பூசியின் பலனும் மாறவில்லை. ஆனால் ஃபை 0.48-இலிருந்து 0.23 ஆக விழுகிறது. டெட்ராகோரிக்கும் 0.77-இலிருந்து 0.62 அளவுக்கு இறங்குகிறது. யூலின் கியூவும் ஒய்யும் அசையவில்லை, ஏனென்றால் அவை ஆட்ஸ் விகிதத்தை (அ×ஈ-ஐ ஆ×இ-ஆல் வகுத்தால் வருவது) மட்டும் நம்பி நிற்பவை. அது இரண்டு அட்டவணையிலும் 19.5. மருத்துவமனையில் ‘நோயாளிகள் 100, நோயில்லாதவர்கள் 100’ என்று நீங்களே எண்ணி எடுத்த மாதிரியாக இருந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அங்கே ஓரங்கள் ஊரின் இயல்பைக் காட்டவில்லை, உங்கள் முடிவைக் காட்டுகின்றன. அப்படிப்பட்ட தரவுக்கு ஃபையும் வேண்டாம், டெட்ராகோரிக்கும் வேண்டாம். ஆட்ஸ் விகிதத்தை எழுதுங்கள். வயது, பால் போன்றவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதாவது ஆம்–இல்லை விடையைப் பல மாறிகளோடு சேர்த்து ஆராயும் முறை.

மென்பொருளுக்கு வருவோம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘கிராஸ்டேப்ஸ்’ போய், ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பொத்தானுக்குள் ‘ஃபை அண்ட் கிராமர்ஸ் வி’-ஐத் தேர்ந்தால் ஃபை வரும். டெட்ராகோரிக்குக்கு ஆர் மொழியோடு இணைக்கும் ‘ஹெட்கோர்’ என்ற நீட்சியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஸ்டாட்டாவில் ‘டெட்ராகோரிக்’ என்றே கட்டளை. சாஸ்ஸில் ‘ப்ராக் ஃபிரீக்’கின் ‘டேபிள்ஸ்’ வரியில் ‘பிஎல்கோர்’ என்று சேர்க்க வேண்டும். ஆர் மொழியில் ஃபைக்கு அடிப்படை ‘கோர்’ போதும். டெட்ராகோரிக்குக்கு ‘சைக்’ தொகுப்பின் ‘டெட்ராகோரிக்’ அல்லது ‘பாலிகோர்’ தொகுப்பின் ‘பாலிகோர்’ செயல்கூறு. பைத்தானில் ‘சைபை’ தரும் கிராமர்ஸ் வி, உறவின் அளவை மட்டும் சொல்லும், குறியைச் சொல்லாது. எதிர்மறை உறவும் நேர்மறையாகவே தெரியும். ‘சைகிட்-லெர்ன்’னில் மேத்யூஸ் கெழுவை எடுத்தால் குறியும் வரும்.

இப்போது, உங்கள் நண்பரின் ஆரும் உங்கள் ஸ்டாட்டாவும் ஏன் பிரிந்தன? நான் முதலில் சந்தேகிப்பது வெற்று அறையை. நான்கு அறைகளில் ஒன்று 0 ஆக இருந்தால் டெட்ராகோரிக் +1 அல்லது −1 என்ற முனைக்கு ஓடிவிடும். மேலே சொன்ன 20, 0, 70, 10 அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்டாட்டா, நீங்கள் வேறு சொல்லாதவரை, அந்த 1-ஐ அப்படியே தரும். ‘ஜீரோஅட்ஜஸ்ட்’ என்று சேர்த்தால்தான் 0-வுக்குப் பதில் அரை வைத்து, ஓரங்கள் மாறாமல் சரிக்கட்டும். சைக் தொகுப்போ கேட்காமலேயே வெற்று அறையில் 0.5 வைத்துவிடும். இரண்டும் தத்தம் ஆவணத்தில் இதைச் சொல்லியிருக்கின்றன; ஆனால் நாம் யாரும் ஆவணத்தை முதலில் படிப்பதில்லை. அந்த அரைக்குக் கணிதக் கட்டாயம் எதுவும் இல்லை, வழக்கம்தான். வெற்று அறை இருந்தால் என் அறிவுரை, டெட்ராகோரிக்கையே தவிர்த்துவிட்டு அட்டவணையைக் காட்டுவது.

வெற்று அறை இல்லையென்றால் அடுத்த சந்தேகம் விடுபட்ட விடைகள். பல மாறிகளை ஒரே கட்டளையில் கொடுத்திருந்தால், எந்த மாறியில் விடை இல்லாவிட்டாலும் ஸ்டாட்டா அந்த நபரை முழுவதுமாக நீக்கிவிடும். சைக் அந்தந்த ஜோடிக்குக் கிடைத்ததை வைத்துப் போடும். இரண்டு திரையிலும் நபர்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். ‘இரண்டு படி முறை’, ‘உச்ச நிகழ்தகவு முறை’ என்ற வேறுபாடுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் அது காரணமாக இருக்க முடியாது. முன்பு சொன்ன மூன்றுக்கு மூன்று கணக்கினால் இரண்டு முறையும் அங்கே ஒரே விடைக்கு வந்துசேரும்.

குறி மாறி வந்தால், அதாவது ஒன்றில் 0.4, மற்றதில் −0.4 என்று வந்தால், குறியீட்டைப் பாருங்கள். தமிழில் தரவு உள்ளிடுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. ஆர் மொழி எழுத்து விடைகளை வகையாக மாற்றும்போது அகரவரிசையில் எண் கொடுக்கும். ஆங்கிலத்தில் ‘நோ’ முன்னால், ‘யெஸ்’ பின்னால். ஆகவே ‘யெஸ்’ பெரிய எண். தமிழில் ‘ஆ’ முன், ‘இ’ பின். ‘ஆம்’ 1, ‘இல்லை’ 2 ஆகிவிடும். ஒரு மாறியைத் தமிழிலும் இன்னொன்றை ஆங்கிலத்திலும் உள்ளிட்டிருந்தால் உறவு தலைகீழாகிவிடும். ஓர் ஆய்வு மாணவியின் தரவில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. கழிவறை உள்ள வீடுகளில் வயிற்றுப்போக்கு அதிகம் என்று வந்த விடையை விளக்க அவர் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார். அதே கோப்பில் ‘தெரியாது’ என்பதற்கு 9 போட்டிருந்ததும் தெரியவந்தது. அந்த 9-கள் பியர்சன் கணக்குக்குள் எண்களாகவே நுழைந்திருந்தன. ஒட்டுறவு போடும் முன் குறுக்கு அட்டவணையை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் இந்த இரண்டும் அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

‘கை வர்க்கம்’ (இரண்டு மாறிகளுக்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கும் எண்) கொண்டு சரிபார்க்க நினைத்தால் இன்னொன்று. கை வர்க்கத்தை மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஃபை வர வேண்டும். நம் 300 பேர் அட்டவணையில் கை வர்க்கம் 33.33, அதிலிருந்து 0.333 சரியாக வரும். ஆனால் ஆர் மொழியின் கை வர்க்கச் சோதனை, இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் அந்த எண்ணைச் சற்றுக் குறைக்கும் யேட்ஸ் திருத்தத்தைத் தானாகவே சேர்த்துவிடும், அப்போது 32.01 வரும், ஃபை 0.327 ஆகத் தெரியும். ‘கரெக்ட்’ என்ற தேர்வை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் சரியாகிவிடும்.

டெட்ராகோரிக் எண் பெரிதாக இருப்பதால் ‘வலுவான முடிவு’ என்று மகிழ வேண்டாம். அதன் திட்டப் பிழையும் (மாதிரிக்கு மாதிரி அந்த எண் எவ்வளவு ஆடும் என்பதன் அளவு) சேர்ந்தே பெரிதாகிறது. உறவே இல்லாத நிலையில், இரண்டு மாறிகளும் சரிபாதியில் வெட்டப்பட்டிருந்தால் டெட்ராகோரிக்கின் திட்டப் பிழை ஃபையைப்போல 1.57 மடங்கு. அளவுகளை வெட்டாமல் நேரடியாக அளந்திருந்தால் கிடைத்திருக்கும் துல்லியத்தை எட்ட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆட்கள் வேண்டும் என்று பொருள். இரண்டு மாறிகளிலும் ‘ஆம்’ 10 விழுக்காடுதான் என்றால் அந்த 1.57 என்பது 2.9 ஆகிறது, எட்டு மடங்குக்கும் மேல் ஆட்கள். 100 பேர் மாதிரியில் அப்படி வந்த டெட்ராகோரிக்குக்குத் திட்டப் பிழை 0.29. அந்த நிலையில் 0.4 என்ற எண் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்லக்கூடியதே அல்ல. இதனால்தான், ரத்த அழுத்தத்தை அளந்த எண் கையில் இருக்கும்போது அதை ‘உண்டு, இல்லை’ என்று மாற்றிவிட்டுப் பிறகு டெட்ராகோரிக்கால் மீட்க முயல்வதை நான் எப்போதும் தடுப்பேன். எண் இருந்தால் எண்ணையே பயன்படுத்துங்கள்.

பின்னாளில் பல மாறிகளுக்கு டெட்ராகோரிக் அணி போட்டுக் காரணிப் பகுப்பாய்வுக்குப் போவீர்களானால் ஒரு தகவல். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதால், எல்லாம் சேர்ந்த அணி ஓர் உண்மையான ஒட்டுறவு அணிக்குரிய நிபந்தனையை மீறலாம். சில ஐகன் மதிப்புகள் (அணியிலிருந்து கணக்கிடும், எதிர்மறையாக வரக் கூடாத எண்கள்) எதிர்மறையாக வரும். சைக் அதைத் தானே சமன்படுத்திவிட்டு எச்சரிக்கை வரி ஒன்றைக் காட்டும். ஸ்டாட்டாவில் ‘பாஸ்டெஃப்’ என்று கேட்க வேண்டும். அந்த எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் மாதிரி சிறிது, அல்லது சில வினாக்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை சொல்லியிருக்கிறார்கள். அத்தகைய வினாக்களை முதலில் பாருங்கள்.

இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளிகளைப் பார்த்து ‘நோய் உண்டு, இல்லை’ என்று சொன்னது உங்கள் தரவு என்றால், நீங்கள் தேடுவது ஒட்டுறவே அல்ல, உடன்பாடு. அதற்குக் கோஹனின் கப்பா என்று வேறு கெழு உண்டு.

ஆய்வேட்டில் எழுதும் வாக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் மாறிகள் உண்மையிலேயே இருவகை என்றால், நான்கு அறை எண்களையும் ஃபையையும் ஆட்ஸ் விகிதத்தையும் கொடுங்கள், டெட்ராகோரிக் வேண்டாம். அவை வெட்டினால் வந்தவை என்றால் இரண்டு கெழுவையும் பெயரோடு எழுதுங்கள். நம் 300 பேர் அட்டவணைக்கு இப்படி இருக்கும்: ‘இரு மாறிகளுக்கும் இடையே ஃபை கெழு 0.33 (கை வர்க்கம் 33.3, 300 பேர், அறைகள் 100, 50, 50, 100). இரண்டும் இயல்நிலைப் பரவலுள்ள அளவுகளின் வெட்டுகள் என்று கொண்டால் டெட்ராகோரிக் ஒட்டுறவு 0.50, திட்டப் பிழை 0.07.’ அந்த ‘என்று கொண்டால்’ என்பதை நீக்கச் சொல்லி யார் கேட்டாலும் நீக்காதீர்கள். மென்பொருளின் பெயர், தொகுப்பின் பதிப்பு, வெற்று அறைக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

வழிகாட்டியிடம் போகும் முன் உங்கள் நான்கு அறை எண்களையும் இங்கே எழுதுங்கள். இரண்டு கேள்விகளும் என்ன என்பதையும் சொல்லுங்கள். ஆரும் ஸ்டாட்டாவும் எந்த இடத்தில் பிரிந்தன என்பதைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.